செய்வதற்கு ஒன்றுமில்லையா?

லண்டனை ஒட்டிய பார்னெட்டில் 1918-ஆம் ஆண்டு வசதியான குடும்பத்தில் பிறந்த சிசிலி சாண்டர்ஸ், அரசியல், தத்துவம், பொருளாதாரம் ஆகிய மூன்றையும் ஒருங்கே பயில்வதற்காக 1938-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். போர் மூண்டதும் படிப்பைப் பாதியில் விட்டுச் சென்ற அந்த மாணவிதான், குணப்படுத்த இயலாத நோயாளியை மருத்துவம் எவ்வாறு நடத்த வேண்டும் என்பதைப் பின்னாளில் உலகுக்குக் கற்பித்தவர். வாழ்நாளெல்லாம் பொருளாதாரம் கற்பித்து ஓய்வுபெற்ற நான், அவருடைய வாழ்க்கையை மிகத் தாமதமாகவே படித்தேன். படிக்க நேர்ந்த காரணம் மகிழ்ச்சிக்குரியதன்று.

சில ஆண்டுகளுக்கு முன் என் தமக்கைக்குப் புற்றுநோய் முற்றியபோது, சிகிச்சையளித்த மருத்துவமனையினர் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துச் செல்லலாம் என்று கூறிவிட்டனர். அதன் பிறகு அவர் நாற்பது நாள்கள் உயிரோடிருந்தார். அந்த நாற்பது இரவுகளும் அவர் வலியால் உறங்கவில்லை. வீட்டில் எவரும் உறங்கவில்லை. வலிக்கு மருந்து கேட்டு நான் ஏறி இறங்கிய கடைகளில் இல்லை என்ற பதிலே கிடைத்தது. யாரைக் கேட்பது என்பதும் எங்களுக்குத் தெரியவில்லை. செய்வதற்கு உண்மையிலேயே ஒன்றுமில்லையா என்ற கேள்வியோடு தேடியபோதுதான் சாண்டர்ஸைக் கண்டடைந்தேன்.

ஆக்ஸ்ஃபோர்டை விட்டு 1940-இல் அவர் சென்றது, லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் நைட்டிங்கேல் செவிலியர் பள்ளிக்கு. முதுகுவலி அந்தப் பணியைத் தொடரவிடவில்லை. மீண்டும் ஆக்ஸ்ஃபோர்டு சென்று பட்டம் பெற்று, மருத்துவமனைச் சமூகப் பணியாளராகத் திரும்பினார். நோயாளியின் வீட்டு நிலை, வருமானம், குழந்தைகள், கடன் ஆகியவற்றை விசாரிப்பது அந்தப் பணி. படுக்கையில் கிடப்பவருக்குப் பின்னால் ஒரு குடும்பமே நோயுற்றுக் கிடப்பதை அவர் கண்டது அங்குதான்.

அவ்வாறு அவர் சந்தித்தவர்களில் ஒருவர் டேவிட் தாஸ்மா. போலந்தின் வார்சாவிலிருந்து வந்த யூதர். லண்டன் உணவகம் ஒன்றில் பரிமாறுபவராக வேலை செய்தவர். நாற்பது வயதில் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த அவருக்கு அந்த நகரில் உறவினர் எவருமில்லை. சாண்டர்ஸ் நாள்தோறும் என்றே சொல்லுமளவுக்குச் சென்று அவரோடு பேசிக்கொண்டிருந்தார். வலியின்றி, தனிமையின்றி இறப்பதற்கு ஓர் இல்லம் எப்படி இருக்க வேண்டும் என்பதே அவர்கள் பேச்சு. 1948 பிப்ரவரியில் இறந்த தாஸ்மா, அமையவிருக்கும் அந்த இல்லத்தில் தாம் ஒரு சன்னலாக இருக்க வேண்டும் என்று விரும்பி 500 பவுண்டை அவருக்கு விட்டுச் சென்றார். அந்தச் சன்னலைச் சுற்றி இல்லம் எழ 19 ஆண்டுகள் பிடித்தன.

இடைப்பட்ட ஆண்டுகளை அவர் வீணாக்கவில்லை. மாலை நேரங்களில் செயின்ட் லூக்ஸ் மருத்துவமனையில் தன்னார்வச் செவிலியராகப் பணியாற்றினார். வலி வந்த பின் மருந்து கொடுக்காமல், அது தலைதூக்கும் முன்பே குறித்த நேரத்தில் கொடுக்கும் வழக்கம் அங்கு இருந்தது. இறப்பவர்களுக்காக உழைக்க விரும்பினால் மருத்துவராகி வா, அப்போதுதான் உன் சொல் எடுபடும் என்ற பொருளில் அறுவை மருத்துவர் நார்மன் பாரெட் அறிவுரை கூறினார். 33 வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1957-இல் மருத்துவரானார்.

அடுத்த ஆண்டு முதல், கிழக்கு லண்டனில் கன்னியாஸ்திரிகள் நடத்திய செயின்ட் ஜோசப் இல்லத்தில் அவர் செய்ததே அவருடைய பெரும் பணி. அன்றைய மருத்துவமனைகளில் நோயாளி வலி தாங்காமல் கேட்ட பிறகே மார்ஃபின் ஊசி கிடைக்கும். அதற்கு அடிமையாகிவிடுவார் என்ற அச்சமே காரணம். சாண்டர்ஸ் மார்ஃபினை வாய்வழியாக, வேளை தவறாமல் கொடுத்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் நிலையைப் பதிவு செய்தார். வலி அடங்கியது, மனம் தெளிந்திருந்தது, அஞ்சிய அடிமைத்தனம் வரவில்லை. வலியின்றி இருப்பவர் மருந்துக்காக ஏங்குவதில்லை என்பதே அவர் கண்ட எளிய உண்மை.

வலி உடலில் மட்டும் இல்லை என்பதையும் அந்த நோயாளிகளிடமே அவர் கற்றார். உடல் வேதனை, மனத்துயர், குடும்பத்தையும் பணத்தையும் பற்றிய கவலை, வாழ்வின் பொருள் குறித்த கலக்கம் ஆகிய நான்கும் சேர்ந்ததை முழு வலி என்று அவர் அழைத்தார். மாத்திரை ஒன்றை மட்டுமே தீர்க்கும். மற்றவற்றுக்கு மனிதர் வேண்டும்.

தெற்கு லண்டனில் சைடனம் என்ற இடத்தில் 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லம் திறக்கப்பட்டது. சிகிச்சை, ஆய்வு, பயிற்சி மூன்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்ட முதல் நவீன இல்லம் அது. 1969-இல் செவிலியர்கள் நோயாளிகளின் வீடுகளுக்கே செல்லத் தொடங்கினர். இறப்புக்குப் பின் குடும்பத்தாரின் துயரைக் கவனிக்க மனநல மருத்துவர் காலின் முர்ரே பார்க்ஸ் துணைநின்றார். ஊழியர்களின் பிள்ளைகளுக்குக் குழந்தைகள் காப்பகமும் அங்கு இருந்தது. நாள்தோறும் மரணத்தைப் பார்க்கும் செவிலியருக்கும் தாங்குவார் தேவை என்பதை அவர் மறக்கவில்லை. 2005 ஜூலையில், தாம் நிறுவிய அதே இல்லத்தில், புற்றுநோயாளியாகவே தம் 87-ஆம் வயதில் மறைந்தார்.

செலவிடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பயன் என்ன என்று கேட்கவே நான் மாணவர்களுக்குக் கற்பித்தேன். அந்தக் கணக்கில், சில வாரங்களில் இறந்துவிடுபவருக்குச் செய்யும் செலவு வீண். ஆனால் என் தமக்கையின் வீட்டில் நடந்ததை அந்தக் கணக்கு காணவில்லை. அவர் மகள் வேலையை விட்டாள். நகைகள் அடகுக்குப் போயின. பயனில்லை என்று தெரிந்த பின்னும் அச்சத்தால் இரு முறை அவசரப் பிரிவுக்கு ஓடினோம். வலியைத் தணிக்காததற்கும் விலை உண்டு. அதை அரசோ மருத்துவமனையோ அன்றி, குடும்பமே செலுத்துவதால் அது எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

மார்ஃபின் விலை உயர்ந்த மருந்தன்று. சட்டபூர்வமாக அபினி விளைவித்து, பிற நாடுகளுக்கு ஏற்றுமதியும் செய்த நாடு இது. எனினும் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் விதித்த கடும் தண்டனைகளுக்கும் பல உரிமங்களுக்கும் அஞ்சி, மருத்துவமனைகள் அதை வைத்திருப்பதையே கைவிட்டன. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு நடைமுறை எளிதாக்கப்பட்டது. சட்டம் தளர்ந்த வேகத்தில் அச்சம் தளரவில்லை.

வழி இல்லாமலும் இல்லை. கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய முயற்சி, ஊர்மக்களே தன்னார்வலர்களாகப் பங்கேற்கும் இயக்கமாக வளர்ந்தது. 2008-இல் கேரளம் இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய் ஆதரவு சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. இது ஒவ்வொரு வட்டத்திலும் முழுமையாக நடைபெற வேண்டும். மார்ஃபின் மாத்திரை எங்கு கிடைக்கும் என்பது நோயாளியின் வீட்டாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீடுவீடாகச் செல்லும் செவிலியரின் மனச்சோர்வைக் கேட்கவும் ஓர் ஏற்பாடு வேண்டும்.

நோயைக் குணப்படுத்த இனி வழியில்லை என்று ஒரு மருத்துவர் சொல்லலாம். அது உண்மையாக இருக்கலாம். செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது மட்டும் எக்காலத்திலும் உண்மையன்று. என் தமக்கைக்கு அது பயன்படாமல் போயிற்று. இன்று மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்படும் ஒருவருக்காவது பயன்பட வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.