அல்லாஹ் கேட்ட முறைப்பாடு

பெற்றோர் சண்டை பிடித்த இரவு, மறுநாள் பிள்ளையின் முகத்தில் தெரியும். உடப்பில் படிப்பிக்கும் நான் அதைக் காணும்போதெல்லாம் கவ்லா பின்த் ஸஃலபா (ரழி) அவர்களை நினைப்பேன்.

மதீனாவாசியான அவரது கணவர் அவ்ஸ் பின் ஸாமித் (ரழி), முதுமையில் ஒருநாள் கோபப்பட்டு, மனைவியைத் தாய்க்கு ஒப்பிட்டு விலக்கும் ழிஹார் வார்த்தையைச் சொல்லிவிட்டார். கவ்லா முடங்கவில்லை. நபி (ஸல்) அவர்களிடம் சென்று முறையிட்டார், வாதாடினார். வீட்டின் ஓரத்தில் இருந்த ஆயிஷா (ரழி) அவர்களுக்கே அது முழுதும் கேட்கவில்லை, அல்லாஹ் கேட்டான். 58ஆம் ஸூரா அல்முஜாதலாவின் தொடக்க வசனங்கள் இறங்கின.

பரிகாரம், ஓர் அடிமையை விடுவிப்பது. இயலாவிட்டால் தொடர்ந்து 2 மாத நோன்பு. அதுவும் இயலாவிட்டால் 60 ஏழைகளுக்கு உணவு. அவ்ஸால் எதுவும் முடியவில்லை. நபியவர்கள் பேரீச்சம்பழம் கொடுத்து உதவினார்கள். காயப்பட்ட கவ்லாவும் தன் பங்கைச் சேர்த்தார். குடும்பம் பிரியவில்லை.

பிற்காலத்தில் கலீஃபா உமர் (ரழி) அவர்கள் வழியில் நின்று, இந்த முதிய பெண்மணி சொன்னதை நெடுநேரம் கேட்டதாக அறிவிப்பு உண்டு.

கோபத்தில் விடும் வார்த்தைக்கு விலை உண்டு. முறையிடும் மனைவியை வாயாடி என்று அடக்குவது மார்க்கமல்ல. இன்றிரவு அவர் பேசத் தொடங்கினால், போனை வைத்துவிட்டுக் கேளுங்கள்.