டாட்டாவின் லாபமும் தர்மமும்

பெருஞ்செல்வர் பொதுநன்மைக்குப் பொருள் ஈவது புகழாசையாலா, கருணையாலா, அன்றித் தம் லாபத்தைக் கருதியா என்னும் ஐயம் பழமையானது. ஜம்ஷெட்ஜி டாட்டாவின் சரித்திரம் அதற்கு ஒருவாறு விடை பகர்கின்றது.

1839ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் தேதி, குஜராத்திலுள்ள நவ்ஸாரியில், பார்ஸி குருமார் வமிசத்தில் அவர் தோன்றினார். பம்பாயில் கல்வி பயின்று, தந்தையாரின் வியாபாரத்தில் அமர்ந்தார். 1877 ஜனவரி 1இல் நாகபுரியில் எம்பிரஸ் பஞ்சாலையைத் திறந்து வைத்தார்.

அவ்வூர்த் தொழிலாளர் ஆலைக் கட்டுப்பாட்டிற்குப் பழகாதவர். நினைத்தபோது வேலைக்கு வாராது நின்றுவிடுவர். அபராதத்தாலும் மிரட்டலாலும் அவர்களை அடக்க டாட்டா முற்படவில்லை. ஆலையில் நல்ல காற்றோட்டத்திற்கு வகை செய்தார். 1886இல் ஓய்வூதிய நிதி ஏற்படுத்தினார். 1895இல் விபத்துக்குள்ளானோர்க்கு நஷ்டஈடு வழங்கத் தொடங்கினார். எச்சட்டமும் இவற்றை அவரிடம் கேட்கவில்லை. தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் இந்நாட்டில் பிறந்தது 1923இல்தான்.

இவை யாவும் கருணையின் செயலே எனல் முகஸ்துதியாகும். நிலைத்து உழைக்கும் ஆட்கள் ஆலைக்கு இன்றியமையாதவர் என்பதை அவர் நன்கறிவார். தொழிலாளர் க்ஷேமமும் ஆலையின் செழிப்பும் ஒன்றையொன்று சார்ந்தவை என்று கண்டதே அவரது கூர்மை.

எனினும், லாபக் கணக்கில் அடங்காத ஒரு கொடையும் அவரிடம் உண்டு. 1898இல், விஞ்ஞான ஆராய்ச்சிக் கலாசாலை ஒன்றை நிறுவத் தம் சொத்தில் ஏறத்தாழப் பாதியை, அதாவது சுமார் 30 லட்சம் ரூபாய் மதிப்புள்ளதை, அளிக்க முன்வந்தார். அந்நிய சர்க்கார் ஐயுற்றுக் காலங்கடத்திற்று. 1904 மே 19இல் ஜெர்மனியில் அவர் உயிர் நீத்தார். மைசூர் சமஸ்தானம் 371 ஏக்கர் நிலம் உதவ, 1909இல் பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகம் உருவாயிற்று. தம் பெயரை அதற்குச் சூட்ட அவர் விரும்பியதில்லை. ஆயினும் ஊரார் அதனை டாட்டா இன்ஸ்டிடியூட் என்றே வழங்கலாயினர். அதனால் அவர் அடைந்த லாபம் யாது? அறிவில் பிறரை நம்பி வாழும் தேசம் தொழிலிலும் தலைநிமிராது என்னும் கவலையே அவரை உந்திற்று.

பெரிய கம்பெனிகள் தம் சராசரி நிகர லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூக நலத்திற்குச் செலவிட வேண்டுமென 2013ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கின்றது. எல்லோரும் டாட்டா அல்லராதலின் அச்சட்டம் அவசியமே. ஆனால், இரண்டு பங்கோடு கடன் தீர்ந்ததென்று கணக்கை மூடும் முதலாளி, தம் ஆலைக்குள் உழைப்போரை முதலில் நோக்குவாராக. டாட்டாவின் தர்மம் அங்கிருந்தே தொடங்கிற்று.