நாடாவில் ஒட்டிய தீட்டு

விசைத்தறி பார்த்தவர்களுக்கு நாடா தெரியும். ஊடை நூல் சுற்றிய தாரை வயிற்றில் வைத்துக்கொண்டு பாவுக்கு நடுவே இங்கும் அங்கும் ஓடுவது. நூறு ஆண்டுகளுக்கு முன் பம்பாய் ஆலைகளில் தார் தீர்ந்து புதிய தார் மாட்டும் ஒவ்வொரு முறையும், நாடாவின் ஓரத்துத் துளையில் வாய் வைத்து நூல் முனையை உறிஞ்சி வெளியே இழுப்பார்கள். நூலோடு பஞ்சுத் தூசியும் நெஞ்சுக்குள் போகும். அடுத்த ஆள் வந்தாலும் அதே துளையில்தான் வாய் வைக்க வேண்டும். முன்னவருக்குக் காசநோய் இருந்தால் பின்னவருக்கும் ஆபத்து. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் இந்தப் பழக்கத்தை 1911லேயே சட்டம் போட்டுத் தடுத்தது.

பம்பாயில் நெசவாளிகள் அந்தத் துளையைக் கண்டு அஞ்சியது வேறு காரணத்துக்காக. தலித் தொழிலாளி வாய் வைத்த நாடாவில் நாம் வாய் வைப்பதா என்பதே அவர்கள் கவலை. அதனால் கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவின் கதவு தலித்துகளுக்குச் சாத்தப்பட்டது. நூற்புப் பிரிவிலும் கடைநிலை வேலைகளிலும் அவர்களைத் தள்ளினார்கள். காசநோய்க் கிருமிக்கு வழி விட்ட தறிக்கூடம் மனிதருக்கு வழி மறித்தது.

அண்ணல் அம்பேத்கருக்கு இது ஏட்டில் படித்த செய்தியல்ல. 1891 ஏப்ரல் 14 அன்று மோவ் படை முகாமில் பிறந்தவர் என்றாலும், அவர் ஆளானது பம்பாய் பரேல் ஆலைப் பகுதியின் தொழிலாளர் குடியிருப்புகளில். கொலம்பியாவிலும் லண்டனிலும் பட்டங்கள் வாங்கித் திரும்பிய பிறகும் பல ஆண்டுகள் அங்கேதான் குடியிருந்தார்.

1928இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். நெசவுப் பிரிவைத் தலித்துகளுக்குத் திறந்துவிடுவதையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்த்தால்தான் தன் மக்களின் ஆதரவு என்று அம்பேத்கர் உறுதியாக நின்றார். செங்கொடித் தலைவர்கள் தயக்கத்தோடுதான் சேர்த்தார்கள். முதலாளிகளோ இந்த அநீதி தாங்கள் செய்ததல்ல என்று தொழிலாளர் பக்கமே கையைக் காட்டினார்கள். அதில் உண்மை இல்லாமலும் இல்லை.

அதே ஆண்டு பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். பெண்ணின் உழைப்பில் லாபம் காண்பவர் அவள் பேறுகாலச் செலவிலும் பங்கேற்க வேண்டும் என்பது அவர் வாதம். 1929இல் அது சட்டமானது. நாட்டிலேயே இத்தகைய முதல் சட்டம் அதுதான்.

1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சி. 1938 பிப்ரவரியில் மன்மாடில் கூடிய தலித் ரயில்வே தொழிலாளர் மாநாடு. பார்ப்பனியமும் முதலாளித்துவமும் தொழிலாளியின் இரு பகைகள் என்று அவர் அங்கே பேசியதைப் பலரும் அறிவோம். தண்டவாளக் கூலியாகவே ஒரு தலித் காலம் தள்ள வேண்டியிருப்பது ஏன் என்று அதே உரையில் அவர் விளக்கியதைக் கவனித்தவர்கள் குறைவு. போர்ட்டரை ஸ்டேஷன் மாஸ்டர் தன் வீட்டு வேலைக்கும் பயன்படுத்துவார். தலித் என்றால் வீட்டுக்குள் விட முடியாது. ஆகவே போர்ட்டர் வேலையும் கிடையாது. வெயிலிலும் மழையிலும் தண்டவாளத்தோடு கிடக்கும் வேலை யாருக்கு என்பதை இப்படித்தான் சாதி முடிவு செய்தது.

1942 ஜூலையில் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். இன்றைய வழக்கில் சொன்னால் அமைச்சர். எட்டு மணி நேர வேலையை அந்த ஆண்டே ஒரே கையெழுத்தில் கொண்டுவந்துவிட்டார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நடந்தது அப்படியல்ல, நடந்தது அதைவிடப் பெரிது. அரசு, முதலாளி, தொழிலாளி மூன்று தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைத்த முத்தரப்பு மாநாடுகளில் ஆண்டுக்கணக்கில் பேசி, 1946இல் தொழிற்சாலைச் சட்டத் திருத்தமாக அதை நிறைவேற்றினார்கள். வாரத்துக்கு 54 மணி என்றிருந்த உச்சவரம்பு, ஆண்டு முழுவதும் ஓடும் ஆலைகளில் 48 ஆனது. பத்தாவது மணி நேரத்தில் எந்திரம் களைப்பதில்லை, கைதான் களைக்கிறது. ஷிப்ட் முடியும் நேரத்தில் விரல் போனவர்கள் நம் ஊர்களிலும் உண்டு.

அவர் பதவிக் காலத்தில்தான் பேராசிரியர் அதார்க்கர் தொழிலாளர் உடல்நலக் காப்பீட்டு அறிக்கையை 1944இல் அளித்தார். அதிலிருந்து வந்ததே 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டம். ஆலைப் பாதுகாப்புக்கு ஆலோசனை சொல்லத் தலைமை ஆலோசகர் அலுவலகம் ஒன்றை 1945இல் மத்திய அரசு அமைத்ததும் அவர் துறையின் கீழ்தான்.

அண்ணலைப் பற்றி எழுதுகிறவர்கள் தாண்டிச் செல்லும் பக்கம் ஒன்று உண்டு. பெண்கள் நிலக்கரிச் சுரங்கத்தின் அடியில் இறங்கக் கூடாது என்ற தடை 1937இலேயே முழுமையாகி இருந்தது. போர்க்காலத்தில் கரிக்கு ஆள் பற்றாக்குறை. ராணுவக் கட்டுமான வேலைகளில் கூலி கூடுதலாகக் கிடைத்ததால் ஆண்கள் அங்கே போய்விட்டார்கள். 1943இல் அரசு தடையைத் தளர்த்தியது. இறங்கியவர்கள் பெரும்பாலும் ஆதிவாசி, தலித் பெண்கள். 1944 பிப்ரவரியில் மத்திய சட்டமன்றத்தில் கண்டனம் எழுந்தபோது, பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நின்றவர் அம்பேத்கர். இது தற்காலிக ஏற்பாடு என்றார். ஆணுக்குரிய அதே கூலி பெண்ணுக்கும் உண்டு என்பதை எடுத்துச் சொன்னார். சம கூலி பெரிய விஷயம்தான். ஆனாலும் சம கூலி, சரியும் கூரையைத் தாங்கிப் பிடிக்காது. அன்று எதிர்த்தவர்கள் கேட்டது நியாயமான கேள்வி என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவர் மேசையோடு நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1943 டிசம்பரில் தன்பாத் போய்ச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தார். அடுத்த மாதமே நிலக்கரிமீது வரி விதித்துத் தொழிலாளர் நல நிதி ஒன்றை அவசரச் சட்டத்தால் உருவாக்கினார்கள். மருத்துவமனைக்கும் குடியிருப்புக்கும் குடிநீருக்கும் அந்தப் பணம். சுரங்க வாயிலில் குளியலறை, தாய்மார்களுக்குக் குழந்தைக் காப்பகம் ஆகியவற்றுக்கும் சட்டத்தில் வழி செய்தார்கள். 1946 பிப்ரவரி 1 முதல் பெண்களுக்கான தடை மீண்டும் வந்தது.

பணியிடம் மனிதத் தன்மையோடு இருக்க வேண்டும் என்பது பின்னர் அரசியலமைப்பின் 42ஆவது பிரிவானது. தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் அதை 23, 24ஆம் பிரிவுகளோடு சேர்த்துப் படித்தால் நல்லது. ஒன்று கட்டாய உழைப்புக்கும், மற்றொன்று ஆலைகளிலும் சுரங்கங்களிலும் சிறுவர்களை வேலைக்கு வைப்பதற்கும் தடை.

1956 டிசம்பர் 6 அன்று அண்ணல் மறைந்தார். ஆலைக்கும் சுரங்கத்துக்கும் வந்த பாதுகாப்பு அதற்குள் சாக்கடைக்கு வரவில்லை. துப்புரவுத் தொழிலாளி சொல்லாமல் வேலைக்கு வராவிட்டால் சிறை என்ற நகராட்சிச் சட்டங்கள் இருந்தன. அவரைக் குழிக்குள் இறக்கியவருக்குச் சிறை என்று சொல்லச் சட்டம் இல்லை. கையால் மலம் அள்ளவைப்பதற்குத் தடை 1993இல்தான் வந்தது. பாதுகாப்புக் கருவியின்றிச் சாக்கடையிலும் மலக்குழியிலும் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்றிருந்த இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியிருக்கிறது.