டெபோரா சாம்சன்

டெபோரா சாம்சன் கேனட் (டிசம்பர் 17, 1760 – ஏப்ரல் 29, 1827) அமெரிக்க விடுதலைப் போரில் ஆண் வேடம் பூண்டு, இராபர்ட் சர்ட்லிஃப் என்ற பெயரில் ஏறத்தாழ 17 மாதங்கள் பணியாற்றிய பெண் படைவீரர் ஆவார். மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த இவர் போரில் காயமுற்றார். 1783 இல் மதிப்புடன் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். பெண் என்ற காரணத்தால் மறுக்கப்பட்ட சம்பளத்தையும், காயமுற்ற வீரர்க்குரிய ஓய்வூதியத்தையும் பெறுவதற்கு இவர் கால் நூற்றாண்டுக்கும் மேலாக அரசிடம் மனுச் செய்து வந்தார். முன்னாள் பெண் படைவீரர்களின் மருத்துவ நலனுக்காக ஐக்கிய அமெரிக்காவில் 2021 இல் நடைமுறைக்கு வந்த சட்டம் இவருடைய பெயரைத் தாங்கியுள்ளது.

இளமைக் காலம்

டெபோரா மாசசூசெட்ஸின் பிளிம்ப்டன் என்னும் சிற்றூரில் ஜோனதன் சாம்சன், டெபோரா பிராட்ஃபோர்ட் இணையருக்குப் பிறந்தார். தாய்வழியில் இவர் பிளிமத் குடியேற்றத்தின் ஆளுநராக இருந்த வில்லியம் பிராட்ஃபோர்டின் மரபில் வந்தவர். குலப்பெருமை இருந்தபோதிலும் குடும்பம் வறுமையில் வாடியது. தந்தை குடும்பத்தைக் கைவிட்டுச் சென்றார். அவர் கடலில் மாண்டதாகக் குடும்பத்தினர் நம்பினர். உண்மையில் அவர் மெய்ன் பகுதியில் வாழ்ந்து வந்தார். பிள்ளைகளைப் பேண இயலாத தாய் அவர்களை உறவினர் வீடுகளிலும் பிறர் வீடுகளிலும் விட்டார்.

டெபோரா ஏறத்தாழ 10 வயதில் மிடில்பரோ ஊரைச் சேர்ந்த ஜெரமையா தாமஸ் என்பவரின் பண்ணைக் குடும்பத்தில் ஒப்பந்தப் பணியாளாகச் சேர்க்கப்பட்டார். 18 வயது வரை அங்கே வேலை செய்தார். அவ்வீட்டுப் பையன்கள் பள்ளியில் கற்ற பாடங்களை அவர்களிடமிருந்து கேட்டுக் கற்றதாகக் கூறப்படுகின்றது. ஒப்பந்தம் முடிந்த பின்னர் 1779, 1780 ஆம் ஆண்டுகளின் கோடைக் காலங்களில் பள்ளி ஆசிரியையாகவும், குளிர்காலங்களில் நெசவாளராகவும் பணியாற்றினார்.

படையில் சேர்தல்

1782 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இவர் ஆண் உடை அணிந்து மிடில்பரோவிலேயே படையில் சேர முயன்றார். அடையாளம் கண்டுகொள்ளப்பட்டதால் பெற்ற பணத்தைத் திருப்பித் தர நேர்ந்தது. இச்செயலுக்காக, இவர் உறுப்பினராக இருந்த பாப்டிஸ்ட் திருச்சபை அதே ஆண்டு செப்டம்பரில் இவரை விலக்கி வைத்தது. அதற்குள் இவர் ஊரை விட்டு நீங்கியிருந்தார்.

1782 மே மாதத்தில், தம்மை அறிந்தவர் இல்லாத அக்ஸ்பிரிட்ஜ் ஊரின் சார்பில் இராபர்ட் சர்ட்லிஃப் என்ற பெயரில் மீண்டும் பதிவு செய்துகொண்டார். நான்காம் மாசசூசெட்ஸ் படைப்பிரிவில், கேப்டன் ஜார்ஜ் வெப்பின் தலைமையில் இயங்கிய இலகு காலாட்படைக் குழுவில் சேர்க்கப்பட்டார். இக்குழுக்களுக்கு விரைந்து நடக்கக்கூடிய, உடல்திறம் மிக்கவர்களே தேர்ந்தெடுக்கப்பட்டனர். டெபோரா அக்காலப் பெண்களின் சராசரியைவிட உயரமானவர். தாடி முளைக்காத சிறுவர்கள் பலர் படையில் இருந்ததால் இவருடைய மழித்த முகம் ஐயத்தை உண்டாக்கவில்லை.

போர்ப்பணியும் காயமும்

படைப்பிரிவு நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட் பாயிண்ட் பகுதியில் நிலைகொண்டிருந்தது. 1781 அக்டோபரில் யார்க்டவுனில் பிரித்தானியர் சரணடைந்திருந்தனர். ஆயினும் நியூயார்க் நகரம் அவர்கள் வசமே இருந்தது. இரு தரப்புக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பில் சிறு மோதல்கள் தொடர்ந்தன. அவற்றை எதிர்கொள்வதே இலகு காலாட்படையின் பணியாக இருந்தது.

1782 கோடையில் டாரிடவுன் அருகே நிகழ்ந்த மோதலில் டெபோரா காயமுற்றதாக இவரது வரலாறு கூறுகின்றது. நெற்றியில் வாள்வெட்டு விழுந்தது. தொடையில் துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன. மருத்துவரிடம் தலைக்காயத்தை மட்டும் காட்டினார். தொடையைக் காட்டினால் தாம் பெண் என்பது வெளிப்பட்டுவிடும் என அஞ்சி, மருத்துவமனையிலிருந்து வெளியேறி, ஒரு பேனாக்கத்தியையும் தையல் ஊசியையும் கொண்டு ஒரு குண்டைத் தாமே அகற்றினார் என்றும், ஆழத்தில் பதிந்த மற்றொன்று உடலிலேயே தங்கிவிட்டது என்றும் அவ்வரலாறு தெரிவிக்கின்றது. பிற்காலத்தில் இவருடைய ஓய்வூதியக் கோரிக்கை இத்தகைய காயங்களின் தொடர்விளைவுகளையே அடிப்படையாகக் கொண்டது என்பது குறிப்பிடத்தக்கது. சிகிச்சை பெற்றால் படையை விட்டு நீங்க வேண்டும். காயத்தை மறைத்தால் பின்னாளில் அதற்குச் சான்று இராது என்பதே இவருடைய நிலையாக இருந்தது.

உண்மை வெளிப்படல்

1783 இல் இவர் ஜெனரல் ஜான் பேட்டர்சனின் பணியாளராக அமர்த்தப்பட்டார். அவ்வாண்டுக் கோடையில், ஊதியம் கிடைக்காத வீரர்கள் பிலடெல்பியாவில் நடத்திய கிளர்ச்சியை அடக்குவதற்காக அனுப்பப்பட்ட படையுடன் அந்நகருக்குச் சென்றார். அங்கே கடும் காய்ச்சலால் நினைவிழந்தார். சிகிச்சை அளித்த மருத்துவர் பார்னபஸ் பின்னி, நோயாளியின் மார்பைச் சுற்றிக் கட்டப்பட்டிருந்த துணியை அகற்றியபோது அவர் பெண் என்பதை அறிந்தார். மருத்துவர் இச்செய்தியை உடனே வெளியிடவில்லை. டெபோராவைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்று குணமாகும் வரை பராமரித்தார். பின்னர் ஜெனரல் பேட்டர்சனுக்கு உண்மை தெரிவிக்கப்பட்டது. இவர் தண்டிக்கப்படவில்லை. 1783 அக்டோபரில் வெஸ்ட் பாயிண்டில் ஜெனரல் ஹென்றி நாக்ஸால் மதிப்புடன் விடுவிக்கப்பட்டார்.

இல்லற வாழ்க்கை

ஊர் திரும்பிய டெபோரா, 1785 ஏப்ரலில் பெஞ்சமின் கேனட் என்ற உழவரை மணந்தார். மாசசூசெட்ஸின் ஷேரன் ஊரில் இருந்த இவர்களுடைய நிலம் சிறியது; விளைச்சலும் குறைவு. இவர்களுக்கு ஏர்ல், மேரி, பேஷன்ஸ் என்னும் மூன்று பிள்ளைகள் பிறந்தனர். தாயை இழந்த சூசன்னா என்ற குழந்தையையும் எடுத்து வளர்த்தனர்.

நிலுவைச் சம்பளம்

பெண் என்பதால் படைச் சம்பளத்தின் ஒரு பகுதி இவருக்கு வழங்கப்படாமல் இருந்தது. 1792 சனவரியில் இதனைக் கோரி மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்கு மனுச் செய்தார். சட்டமன்றம் கோரிக்கையை ஏற்று 34 பவுண்டும், விடுவிக்கப்பட்ட நாள் முதலான வட்டியும் வழங்கத் தீர்மானித்தது. ஆளுநர் ஜான் ஹான்காக் அதில் ஒப்பமிட்டார். அத்தீர்மானம் இவருடைய வீரத்தைப் பாராட்டியதோடு, ஆண்களிடையே வாழ்ந்தும் கற்பில் களங்கமின்றி இருந்தமையையும் சேர்த்துப் பாராட்டியது. ஆண் வீரர் ஒருவர் தம் சம்பளத்தைப் பெறுவதற்கு இத்தகைய நற்சான்று தேவைப்பட்டதில்லை.

சொற்பொழிவுப் பயணம்

1797 இல் ஹெர்மன் மான் என்பவர் டெபோராவின் வாழ்க்கை வரலாற்றைப் பெயர் குறிப்பிடாமல் நூலாக வெளியிட்டார். 1802 மார்ச்சில் பாஸ்டன் நகரின் ஃபெடரல் தெரு நாடக அரங்கில் தொடங்கி, மாசசூசெட்ஸ், ரோட் தீவு, நியூயார்க் மாநிலங்களின் பல ஊர்களில் டெபோரா தம் போர் அனுபவங்களைப் பற்றி உரை நிகழ்த்தினார். உரைக்குப் பின்னர்ப் படைச் சீருடையில் தோன்றித் துப்பாக்கிப் பயிற்சி முறைகளைச் செய்து காட்டினார். கட்டணம் பெற்றுப் பொதுமக்கள் முன் சொற்பொழிவுப் பயணம் மேற்கொண்ட முதல் அமெரிக்கப் பெண்களுள் ஒருவராக இவர் கருதப்படுகின்றார். பயணத்தின்போது இவர் எழுதிய நாட்குறிப்பு வழிச்செலவுகளையும் அடிக்கடி ஏற்பட்ட உடல்நலக் குறைவையும் பதிவு செய்துள்ளது. ஈட்டிய பணத்தின் பெரும்பகுதி செலவுகளிலேயே கரைந்தது.

ஓய்வூதியம்

அக்காலத்தில் ஐக்கிய அமெரிக்க அரசு போரில் உடல் ஊனமுற்ற வீரர்களுக்கு மட்டுமே ஓய்வூதியம் வழங்கியது. டெபோராவின் கோரிக்கைக்குப் பக்கபலமாக இருந்தவர் பால் ரெவியர். விடுதலைப் போரின் புகழ்பெற்ற வீரரும் வெள்ளி வேலைப்பாட்டுக் கலைஞருமான அவர், ஷேரனுக்கு அண்மையிலுள்ள கேன்டன் ஊரில் வாழ்ந்தார். 1804 பிப்ரவரியில் அவர் காங்கிரஸ் உறுப்பினர் வில்லியம் யூஸ்டிஸுக்குக் கடிதம் எழுதினார். ஆண்மைத் தோற்றமுள்ள ஒருத்தியை எதிர்பார்த்துச் சென்ற தாம், மென்மையும் கல்வியும் நற்பேச்சும் உடைய பெண்ணைக் கண்டதாகவும், படைப்பணியே அவருடைய உடல்நலக் கேட்டுக்குக் காரணம் எனத் தாம் நம்புவதாகவும் அதில் தெரிவித்திருந்தார். யூஸ்டிஸ் விடுதலைப் போரில் படை மருத்துவராகப் பணியாற்றியவர்.

1805 மார்ச்சில் டெபோராவின் பெயர் ஊனமுற்ற வீரர்களின் ஓய்வூதியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மாதம் 4 டாலர் வழங்கப்பட்டது. ஆயினும் வறுமை நீங்கவில்லை. 1806 பிப்ரவரியில், வீட்டில் நோய் நிலவியதால், ரெவியரிடம் 10 டாலர் கடன் கேட்டுக் கடிதம் எழுதினார்.

1809 இல், ஓய்வூதியத்தைப் பணி முடிந்த 1783 ஆம் ஆண்டிலிருந்தே கணக்கிட்டுத் தருமாறு காங்கிரசுக்கு மனுச் செய்தார். ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்குரிய தொகை இதனால் கிடைத்திருக்கும். ஆனால் மனு ஏற்கப்படவில்லை. 1816 இல் இவருடைய ஓய்வூதியம் ஆண்டுக்கு 76.80 டாலராக உயர்ந்தது. 1818 இல் வறிய நிலையிலுள்ள போர்வீரர்களுக்கெனப் புதிய சட்டம் வந்தபோது, ஊன ஓய்வூதியத்தைக் கைவிட்டு, அச்சட்டத்தின்படி மாதம் 8 டாலர் பெற்றார்.

இவ்விடத்தில் மார்கரெட் கோர்பினின் வரலாற்றை ஒப்பு நோக்கலாம். 1776 நவம்பரில் வாஷிங்டன் கோட்டைச் சண்டையில் கணவர் வீழ்ந்த பின்னர் அவருடைய பீரங்கியை இயக்கிப் படுகாயமடைந்த மார்கரெட்டுக்கு, 1779 இலேயே காங்கிரஸ் வீரர் சம்பளத்தில் பாதியை ஆயுள் முழுதும் வழங்க ஆணையிட்டது. அவர் பெண்ணாகவே அறியப்பட்டவர். அவருடைய காயமும் எல்லோரும் கண்டது. வேடத்தில் பணியாற்றிய டெபோராவோ தம் சேவையையும் காயத்தையும் ஒவ்வொரு முறையும் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

மறைவும் கணவரின் மனுவும்

டெபோரா 1827 ஏப்ரல் 29 அன்று தமது 66 ஆம் வயதில் ஷேரனில் காலமானார். ராக் ரிட்ஜ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மனைவியின் நெடுநாள் மருத்துவச் செலவால் தாம் வறுமையுற்றதாகக் கூறி, போர்வீரரின் கைம்பெண்ணுக்கு வழங்கப்படும் ஓய்வூதியத்தைத் தமக்கு வழங்குமாறு பெஞ்சமின் கேனட் காங்கிரசை வேண்டினார். மனைவியை இழந்த ஆணுக்குச் சட்டத்தில் இடமில்லை. எனினும் மனுவை ஆராய்ந்த குழு, விடுதலைப் போர் வரலாற்றில் இதற்கு இணையான பெண் வீரம் வேறில்லை எனக் கூறி அதனைப் பரிந்துரைத்தது. முடிவு வருவதற்குள் 1837 சனவரியில் பெஞ்சமின் இறந்தார். 1838 சூலையில் இயற்றப்பட்ட தனிச் சட்டத்தின் வாயிலாக அவருடைய வாரிசுகளுக்கு 466.66 டாலர் வழங்கப்பட்டது.

வரலாற்றுச் சான்றுகள்

டெபோராவைப் பற்றிய செய்திகளுள் பல, ஹெர்மன் மானின் நூலை அடிப்படையாகக் கொண்டவை. அந்நூலில் புனைவு மிகுதி என ஆய்வாளர் கருதுகின்றனர். இவர் 1781 இல் படையில் சேர்ந்து யார்க்டவுன் முற்றுகையில் பங்கேற்றதாக அந்நூல் கூறுகின்றது. 1818 ஆம் ஆண்டு ஓய்வூதிய வாக்குமூலத்திலும் இவர் அவ்வாறே தெரிவித்துள்ளார். ஆனால் படைப் பதிவேடுகள் 1782 ஆம் ஆண்டையே காட்டுகின்றன. பிலடெல்பியாவிலுள்ள அமெரிக்கப் புரட்சி அருங்காட்சியகம் 2019 இல் பெற்றதாக அறிவித்த ஆப்னர் வெஸ்டன் என்ற மிடில்பரோ வீரரின் நாட்குறிப்பும், இவருடைய முதல் முயற்சி தோல்வியுற்றது 1782 சனவரியில் என்பதை உறுதிப்படுத்துகின்றது. யார்க்டவுன் செய்தி தவறாயினும், இவருடைய படைப்பணியும் விடுவிப்பும் அரசு ஆவணங்களால் நிறுவப்பட்டவை.

நினைவுகூரல்

இரண்டாம் உலகப் போரின்போது 1944 இல் சரக்குக் கப்பல் ஒன்றுக்கு டெபோரா கேனட் எனப் பெயரிடப்பட்டது. ஷேரன் பொது நூலகத்தின் முன்னர் இவருடைய சிலை உள்ளது. 1983 மே 23 அன்று மாசசூசெட்ஸ் ஆளுநர் மைக்கேல் டுகாக்கிஸ் இவரை மாநிலத்தின் அதிகாரபூர்வ வீராங்கனையாக அறிவித்தார்.

டெபோரா சாம்சன் சட்டம்

ஐக்கிய அமெரிக்காவில் ஏறத்தாழ 20 இலட்சம் முன்னாள் பெண் படைவீரர்கள் உள்ளனர். முன்னாள் படைவீரர் நலத் துறையின் மருத்துவமனைகள் ஆண்களைக் கருத்தில் கொண்டே அமைக்கப்பட்டவை. மகளிர் மருத்துவர் இன்மை, தனிமைக்கு ஏற்ற அறைகள் இன்மை, மருத்துவமனைக்கு வரும் பெண்களை வீரரின் மனைவி என எண்ணிவிடுதல், பாலியல் தொந்தரவு ஆகியன நெடுங்காலமாக எழுப்பப்பட்ட குறைகள் ஆகும்.

இவற்றைக் களைவதற்காக 2017 இல் செனட்டர்கள் ஜான் டெஸ்டர், ஜான் பூஸ்மன் ஆகியோர் டெபோரா சாம்சன் சட்ட முன்வரைவை அறிமுகப்படுத்தினர். பின்னர் அது விரிவான முன்னாள் படைவீரர் நலச் சட்டம் ஒன்றின் பகுதியாக இணைக்கப்பட்டு, 2021 சனவரி 5 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதன் முதன்மையான கூறுகள்:

- துறையில் மகளிர் நலத்துக்கெனத் தனி அலுவலகம் அமைத்தல்
- மருத்துவ நிலையங்களில் மகளிர் மருத்துவப் பயிற்சி பெற்ற முதல்நிலை மருத்துவரை அமர்த்துதல்
- பெண்களின் தனிமையைக் காக்கும் வகையில் கட்டடங்களைச் சீரமைத்தல்
- முன்னாள் பெண் படைவீரர்களின் பச்சிளங்குழந்தைகளுக்கான மருத்துவப் பராமரிப்பை நீட்டித்தல்
- பாலியல் தொந்தரவைத் தடுக்கும் கொள்கையை வகுத்து நடைமுறைப்படுத்துதல்

1959 முதல் வழக்கிலிருந்த துறையின் குறிக்கோள் வாசகம் படைவீரரை ஆண்பாலிலேயே குறிப்பிட்டு வந்தது. 2023 மார்ச்சில் அது இருபாலருக்கும் பொதுவானதாக மாற்றப்பட்டது.

இவற்றையும் பார்க்க

- அமெரிக்க விடுதலைப் போர்
- மார்கரெட் கோர்பின்
- பால் ரெவியர்