ஊசிக்குச் சொந்தக்காரர்

சிவில் படிக்கிற எல்லாருக்கும் 'வைகாட்' தெரியும். மற்ற டிபார்ட்மென்ட் நண்பர்களுக்காகச் சொல்றேன்: சிமென்ட் பேஸ்ட் எவ்வளவு நேரத்தில் இறுகுதுன்னு ஊசியை இறக்கிப் பார்க்கிற கருவி அது. ரீடிங் எடுக்கிறோம், ரெக்கார்டு எழுதுறோம், கையெழுத்து வாங்குறோம். அது ஒரு மனிதரோட பேருன்னு யோசிச்சிருக்கீங்களா?

அவர் லூயி விக்கா. 1786-ல் பிரான்சில் பிறந்தவர். பாரிஸில் எக்கோல் பாலிடெக்னிக்கில் படிச்சு, அரசு இன்ஜினியர் ஆனார். 1812-ல் சூயாக் என்ற ஊரில் தோர்தோன் ஆற்றின் மேல் பாலம் கட்டுற பொறுப்பு அவரிடம் வந்தது. அப்போ அவருக்கு வயசு 26. ஃபைனல் இயர்ல இருக்கிற நம்மைவிட நாலஞ்சு வயசுதான் கூட!

ஆற்றுக்குள் தூண் எழுப்பணும். ஆனா சாதாரண சுண்ணாம்பு காற்றில்தான் இறுகும், தண்ணிக்குள் இறுகாது. ரோமானியர்கள் எரிமலைச் சாம்பல் கலந்து இந்தச் சிக்கலைத் தீர்த்திருந்தாங்க. ஆனா அந்தச் சாம்பலை எல்லா ஊருக்கும் கொண்டுபோக முடியுமா? போதாக்குறைக்கு நெப்போலியனின் போர்கள். பாலத்துக்குப் பணம் வரலை, வேலை இழுத்துக்கிட்டே போச்சு. விக்கா சும்மா உட்காரலை. அந்த நேரத்தில் சுண்ணாம்பை ஆராய ஆரம்பிச்சார்.

சில ஊர்ச் சுண்ணாம்பு மட்டும் தண்ணிக்குள்ளேயே இறுகும். அந்தக் கல்லில் களிமண் கலந்திருக்குன்னு இங்கிலாந்தில் ஜான் ஸ்மீட்டன் முன்பே கவனிச்சிருந்தார். ஆனா சுத்தமான கல்லில்தான் நல்ல சுண்ணாம்பு கிடைக்கும் என்பது பழைய நம்பிக்கை. களிமண் அதில் கலந்த அழுக்கு, அவ்வளவுதான். விக்கா அந்த 'அழுக்கை' வேணும்னே சேர்த்தார். சுத்தமான சுண்ணாம்போடு களிமண்ணைப் பிசைஞ்சு, உருண்டையாக்கிச் சூளையில் சுட்டார். கிடைச்ச பொருள் தண்ணிக்குள் கல்லா இறுகியது. எது எவ்வளவு இறுகியிருக்குன்னு அளக்க எடை ஏற்றிய ஊசியைப் பயன்படுத்தினார். அதுதான் நம்ம லேப் ஊசியின் மூதாதை. 1818-ல் ஆராய்ச்சியைப் புத்தகமா வெளியிட்டார். பாலமும் எழுந்தது, இன்னைக்கும் நிக்குது.

இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? மேட்டூர், தூத்துக்குடி அனல்மின் நிலையங்களில் குவியுற சாம்பல் எங்கிருந்து வருது? நிலக்கரிக்குள் இருக்கிற களிமண் தாதுக்கள் உலை வெப்பத்தில் உருகி, நுண்ணிய கண்ணாடி உருண்டைகளா மாறுது. விக்கா சூளையில் களிமண் சுட்டார், நம்ம உலையில் அது தானாகவே சுடுபடுது! சிமென்ட் தண்ணியோடு வினைபுரியும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு மிஞ்சும். அது வலிமைக்குப் பெருசா உதவாது. சாம்பலில் இருக்கிற சிலிக்கா அதோட சேர்ந்து சி-எஸ்-எச் ஜெல்லா மாறி, துளைகளை அடைக்குது. இது மெதுவா நடக்கும். அதனால 7 நாளில் கியூப் உடைச்சு, சாம்பல் கலவை வீக்னு முடிவு பண்ணிடாதீங்க. 56, 90 நாள் வரை காத்திருந்து பாருங்க. பிபிசி சிமென்ட்டில் 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் சேர்க்க இந்தியத் தரநிலையே அனுமதிக்குது.

விக்கா தன் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வாங்கவே இல்லை. யார் வேணும்னாலும் செய்யட்டும்னு செய்முறையை எழுதிக் கொடுத்துட்டு, நல்ல சுண்ணாம்புக்கல் எங்கெங்கே கிடைக்கும்னு பிரான்ஸ் முழுக்கத் தேடி பட்டியல் போட்டார். 1824-ல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமென்ட்டுக்குக் காப்புரிமை வாங்கினார், அந்தப் பேர்தான் மூட்டையில் நிலைச்சது. விக்கா 1861-ல் காலமானார். ஈபிள் கோபுரத்தில் பொறிச்சிருக்கிற 72 பேர்களில் அவர் பேரும் ஒண்ணு.

புராஜெக்ட் தலைப்பு தேடுறீங்களா? உங்க ஊரில் எது குப்பையா குவியுதுன்னு பாருங்க. நெல் உமிச் சாம்பலோ, இரும்பு ஆலைக் கசடோ, செங்கல் தூளோ இருக்கலாம். அதில் சிலிக்கா எவ்வளவு இருக்குன்னு முதல்ல சோதிங்க. செய்முறையையும் முடிவையும் ஜூனியர்களுக்கு மறைக்காம கொடுத்துட்டுப் போங்க.