இரு நாட்டுக் கலைச்செல்வி அமிர்தா ஷேர்கில்

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பு நாடி வந்தோர்க்கு ஓர் அச்சம் என்றும் உண்டு. அயல்மொழியும் அயற்பழக்கமும் நம் மக்களை நம்மிடமிருந்து பிரித்துவிடுமோ என்பதே அது. அவ்வச்சம் எழும்போதெல்லாம் நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது, 28 ஆண்டுகளே வாழ்ந்து மறைந்த ஓவியர் அமிர்தா ஷேர்கில் அம்மையாரின் வாழ்க்கை.

அம்மையார் 1913ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 30ஆம் நாள் ஹங்கேரி நாட்டுத் தலைநகராகிய புடாபெஸ்டில் பிறந்தார். தந்தையார் உம்ராவ் சிங், பஞ்சாபின் சீக்கியப் பெருங்குடியில் தோன்றியவர். வடமொழியும் பாரசீகமும் கற்ற அறிஞர். தாயார் ஹங்கேரி நாட்டு இசைவாணர். 1921இல் அக்குடும்பம் சிம்லாவில் குடியேறிற்று. மகளின் கைத்திறனைக் கண்ட பெற்றோர், 1929இல் ஓவியம் பயிலும் பொருட்டு அவரைப் பாரிஸ் மாநகருக்கு அழைத்துச் சென்றனர். அப்போது அவருக்கு வயது 16.

பாரிஸ் நுண்கலைக் கல்லூரியில் லூசியன் சிமோன் என்னும் ஆசிரியரிடம் அவர் பயின்றார். 1932இல் தீட்டிய ‘இளம் பெண்கள்’ என்னும் ஓவியம் பெரும் பாராட்டைப் பெற்றது. மறு ஆண்டே அந்நகரின் புகழ்மிக்க ஓவியக் காட்சியாகிய ‘கிராண்ட் சலோன்’ அவரை இணை உறுப்பினராக ஏற்றது. ஆயினும் கல்லூரிப் பாடத்தினும் மேலாக அவர் உள்ளத்தைக் கவர்ந்தவை செசான், கோகேன் முதலிய புதுநெறி ஓவியரின் படைப்புகளே. கண்டதைக் கண்டவாறே எழுதாது, வேண்டாதவற்றை விலக்கி, உருவத்தின் திண்மையையும் வண்ணத்தின் ஆற்றலையும் முன்னிறுத்துவது அவர்தம் நெறி.

பாரிஸில் புகழ் கைகூடி வந்த வேளையில், 1934ஆம் ஆண்டின் இறுதியில், அம்மையார் இந்தியாவுக்குத் திரும்பினார். இங்கே ஒரு விந்தையைக் காண்கிறோம். நம் நாட்டுப் பழங்கலையை உணரும் கண்ணை அவருக்குத் தந்தது பாரிஸின் புதுக்கலையே. இதனை அம்மையாரே ஒப்புக்கொண்டுள்ளார்.

1936ஆம் ஆண்டின் இறுதியில் தென்னாட்டுப் பயணம் மேற்கொண்டார். அஜந்தாக் குகைகளின் சுவர்களில் எளிமையும் ஆழமும் ஒருங்கே விளங்கக் கண்டு வியந்தார். கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களின் முன் அமர்ந்து பயின்றார். அந்நாளில் திருவிதாங்கூரில் அடங்கியிருந்து, 1956இல் தமிழகத்தோடு இணைந்த கன்னியாகுமரிக்கும் சென்றார். சிம்லாவுக்கு மீண்டபின், 1937இல், மூன்று பேரோவியங்களைத் தீட்டினார். மணமகளின் ஒப்பனை, பிரம்மசாரிகள், சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராம மக்கள் என்பன அவை.

அவ்வாண்டே ‘மூன்று பெண்கள்’ என்னும் ஓவியத்திற்குப் பம்பாய்க் கலைச் சங்கம் பொற்பதக்கம் அளித்தது. ஆனால் பாராட்டியவர் பலராயினும் விலை கொடுத்து வாங்கியவர் சிலரே. 1938இல் தம் உறவினரான மருத்துவர் விக்டர் ஏகானை மணந்து, கோரக்பூருக்கு அருகிலுள்ள சரயாவில் சிலகாலம் வாழ்ந்தார். பின்னர் லாகூரில் குடியேறினார். அங்கே தம் ஓவியக் காட்சி தொடங்கவிருந்த வேளையில் திடீரென நோயுற்று, 1941 டிசம்பர் 5ஆம் நாள் உயிர் நீத்தார். மாடியிலிருந்து கண்ட எருமைகளையும் குடிசைகளையும் அவர் எழுதிய கடைசி ஓவியம் முற்றுப்பெறாமலே நின்றது.

அவர்தம் ஓவியங்கள் பல இன்று தில்லி ஜெய்ப்பூர் மாளிகையில் உள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்தில் உள்ளன. விடுமுறை நாளொன்றில் நாம் பிள்ளைகளுடன் அங்குச் சென்றிருந்தோம். ஓவியக் கலையின் நுட்பம் அறிந்தோம் அல்லோம். ஆயினும் ‘பிரம்மசாரிகள்’ ஓவியத்தின் முன் கால்கள் தாமே நின்றுவிட்டன. வெள்ளை வேட்டியும் வெற்று மார்பும் பூணூலுமாக அமர்ந்திருந்த அவ்விளைஞரைக் கண்டு, தமிழினும் இந்தியை விரைந்து பேசும் நம் மகன், இவர்கள் நம் ஊராரா என்று வினவினான். ஊரை இருமுறையே பார்த்தவன் அவன். புடாபெஸ்டில் பிறந்து பாரிஸில் பயின்ற ஒரு பெண்மணியின் தூரிகை, நம் ஊரை அவனுக்கு அடையாளம் காட்டிற்று.

அன்று முதல் நம் அச்சம் சற்றே தணிந்தது. பிறர் கலையைக் கற்பதால் தன் கலை அழிவதில்லை. தன் கலையைக் காண மறுப்பதாலேயே அழிகிறது. நம் பிள்ளைகள் எம்மொழியையும் பயிலட்டும், எக்கலையையும் விரும்பட்டும். அவர்கள் திரும்பி நோக்கும் நாளில் காண்பதற்குரிய செல்வத்தை வீட்டிலும் சங்கத்திலும் காத்து வைத்தல் நம் கடனாகும்.