பட்டா யார் பேர்ல இருக்கு? இந்தக் கேள்வியை நம்ம ஊருக்குக் கொண்டுவந்த தாமஸ் மன்றோவின் கதை

மதுரையிலிருந்து திருச்சி போகும் நான்குவழிச் சாலையில், மேலூர் தாண்டினால் கொட்டாம்பட்டி. சென்னையிலோ பெங்களூருவிலோ மாசாமாசம் வாடகை கட்டிக்கொண்டே, ஊர்ப்பக்கம் ஒரு மூணு சென்ட் வாங்கிப் போட்டால் என்ன என்று கணக்குப் போடுகிறவர்கள் நிறைய. அப்படி விசாரிக்கப் போனால், புரோக்கர், வங்கி, வக்கீல், வீட்டுப் பெரியவர்கள் என எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான். பட்டா யார் பேர்ல இருக்கு?

இந்தக் கேள்விக்கு 200 வருஷத்துக்கு மேல் வயசு. இதைத் தென்னிந்திய நிர்வாகத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்தவர்களில் முக்கியமானவர் சர் தாமஸ் மன்றோ. சென்னை தீவுத்திடல் பக்கம் சேணம் இல்லாத குதிரை மேல் உட்கார்ந்திருப்பாரே, அவரேதான்.

வரி எவ்வளவு இருந்தால் ஒரு ஆள் சொந்த ஊரில் தாக்குப்பிடிக்க முடியும்? வாழ்க்கையில் பெரும்பகுதியை இந்த ஒரு கணக்கிலேயே கழித்த மனுஷன் அவர். அந்தக் கணக்கில் அவர் எதைச் சரியாகப் பிடித்தார், யாரை விட்டுவிட்டார் என்று பார்க்கலாம்.

அப்பாவின் கடன், மகனின் கப்பல்

மன்றோ பிறந்தது 1761 மே 27, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில். அப்பா அலெக்சாண்டர், அமெரிக்காவோடு புகையிலை வியாபாரம் செய்தவர். அமெரிக்க விடுதலைப் போர் வந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. வசதியாக இருந்த குடும்பம் கஷ்டத்துக்கு வந்தது. மகன் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்தார். 1780 ஜனவரியில் சென்னையில் வந்து இறங்கும்போது அவருக்கு வயசு 18.

வந்த வருஷமே ஹைதர் அலியோடு போர். அடுத்த பல ஆண்டுகள் சிப்பாய் வாழ்க்கைதான். ஆனால் மற்ற இளம் அதிகாரிகள் மாதிரி இல்லாமல் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றுக்கொண்டார். அதுதான் அவரைத் தூக்கிவிட்டது.

பாராமகாலில் படித்த பாடம்

1792இல் திப்பு சுல்தானோடு நடந்த ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில், பாராமகாலும் சேலமும் கம்பெனியிடம் வந்தன. இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே வரி வசூலிக்க சிவில் அதிகாரிகளை அனுப்பவில்லை. உள்ளூர் மொழி அவர்களுக்குத் தெரியாது என்பது ஒரு காரணம். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரியை அனுப்பினார்கள். அவருக்கு உதவியாளர்களாகப் போனவர்களில் ஒருவர் மன்றோ.

அங்கே ஏழு வருஷம். ஊர் ஊராகப் போய் நிலத்தை அளப்பது, மண்ணின் தரம் பார்ப்பது, யார் உழுகிறார்கள் என்று எழுதுவது. இந்த வேலையில்தான் ரயத்துவாரி முறை உருவானது. ரயத்து என்றால் குடியானவர். இடையில் ஜமீன்தார் வேண்டாம், ஊரை மொத்தமாகக் குத்தகை எடுப்பவர் வேண்டாம். ஒவ்வொரு குடியானவரும் நேராக அரசுக்கு வரி கட்டுவார். அவர் பேரில் ஒரு பட்டா இருக்கும். எந்த நிலம், எவ்வளவு, கிஸ்தி என்ன என்று அதில் எழுதியிருக்கும்.

பட்டா என்ற சொல்லையோ தாளையோ மன்றோ கண்டுபிடிக்கவில்லை. அது அவருக்கு முன்பே இருந்தது. ரயத்துவாரியைத் தொடங்கி வைத்ததில் ரீட்டுக்கும் பங்கு உண்டு. ஆனால் ரீட் பின்னால் ஒதுங்கிவிட்டார். அந்த யோசனையைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டவர் மன்றோ.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு உலகம்

அந்தக் காலத்தில் கம்பெனிக்குப் பிடித்த மாதிரி வேறு. 1793இல் வங்காளத்தில் ஜமீன்தார்களிடம் நிலத்தை நிரந்தரமாக ஒப்படைத்து, அவர்களிடம் நிலையான தொகை வாங்கும் ஏற்பாடு வந்தது. சென்னை மாகாணத்திலும் அதையே கொண்டுவரச் சொல்லி நெருக்கடி இருந்தது.

கொட்டாம்பட்டிக்காரர்களுக்கு இதன் வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள ரொம்ப தூரம் போக வேண்டாம். கிழக்கே இருக்கும் சிவகங்கை 1803இல் நிரந்தர ஜமீன் ஆனது. அங்கே குடியானவருக்கும் அரசுக்கும் நடுவில் ஜமீன் இருந்தது. மேலூர்ப் பக்கம் பெரும்பாலும் அரசு நேரடியாக வரி வாங்கிய நிலம். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கணக்கு, இந்தப் பக்கம் வேறு கணக்கு. சுதந்திரத்துக்குப் பிறகு 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரும்வரை இந்த வித்தியாசம் இருந்தது.

கூடாரத்தில் குடியிருந்த கலெக்டர்

1800இல் ஹைதராபாத் நிஜாம் கொடுத்த பெரிய பகுதிக்கு மன்றோ முதன்மைக் கலெக்டர் ஆனார். இன்றைய பெல்லாரி, அனந்தபூர், கடப்பா, கர்னூலின் சில பகுதிகள் அதில் அடங்கும். சுமார் 80 பாளையக்காரர்கள் அங்கே ஆண்டுகொண்டிருந்தார்கள். அவர்களில் பலரைப் படைபலத்தால் அடக்கினார். அந்தப் பக்கத்தை இப்போது நல்லவர் கதையாக மட்டும் சொல்லிவிட முடியாது.

ஆனால் அவர் வேலை செய்த விதம் வேறு மாதிரி. பல ஆண்டுகள் நிலையான வீடே இல்லாமல் கூடாரத்திலேயே இருந்தார். ஊர் ஊராகக் கூடாரம் மாறும். கணக்குப்பிள்ளை, மணியக்காரர், குடியானவர் எல்லோரும் நேராக வந்து பேசலாம். வயல் வயலாக அளவை நடந்தது.

ஏழு வருஷத்தில் வசூல் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஆனது. மேலிடம் பாராட்டியது. இங்கேதான் கதையில் ஒரு திருப்பம். வசூலை ஏற்றிக்காட்டிய அதே மன்றோ, 1807இல் ஊருக்குக் கிளம்பும் முன் எழுதிய அறிக்கையில், வரியில் கால்பங்கைக் குறைக்கச் சொன்னார்.

ஏன்? அவர் கணக்கு எளிமையானது. அப்போது வாங்கிய வரி, விளைச்சலில் 100க்கு சுமார் 45. விதை, மாடு, கூலி எல்லாம் போனால் குடியானவர் கையில் வயிற்றுப்பாட்டுக்குத்தான் மிஞ்சும். அப்படிப்பட்ட நிலத்தை யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். வித்துவிட்டுப் போகவும் முடியாது, அடகு வைக்கவும் முடியாது. ஒரு வருஷம் மழை பொய்த்தால் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வரியை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்தால்தான் நிலத்துக்கு விலை வரும், விலை வந்தால்தான் அது சொத்து ஆகும், சொத்து இருந்தால்தான் ஊரில் ஆள் தங்குவார் என்பது அவர் வாதம்.

வீட்டு விலையையும் இஎம்ஐயையும் பற்றி நாம் இன்று பேசுவதும் இதே கணக்குதான். விலை என்ன என்பது மட்டும் கேள்வி இல்லை. கட்ட வேண்டியதைக் கட்டிய பிறகு கையில் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் கேள்வி.

கேட்காத மேலிடம்

மேலிடம் அப்போது கேட்கவில்லை. மன்றோ லண்டன் போனதும் அந்த மாவட்டங்களில் ஊரை மொத்தமாகக் குத்தகை விடும் முறை வந்தது. முதலில் மூன்று வருஷக் குத்தகை, அப்புறம் பத்து வருஷக் குத்தகை. குத்தகை எடுத்தவர்கள் பலர் நொடித்துப் போனார்கள், குடியானவர்களும் கஷ்டப்பட்டார்கள்.

லண்டனில் மன்றோ சும்மா இருக்கவில்லை. கம்பெனியின் சாசனத்தைப் புதுப்பிப்பது பற்றி நாடாளுமன்றம் விசாரித்தபோது சாட்சி சொன்னார். ரயத்துவாரிக்காக வாதாடினார். 1814இல் ஜேன் கேம்ப்பெல் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டு, நீதித்துறைச் சீர்திருத்தப் பொறுப்போடு சென்னை திரும்பினார். 1816இல் வந்த சட்டங்கள் ஊர் முன்சீப்புகளுக்கும் பஞ்சாயத்துகளுக்கும் சின்னச் சின்ன வழக்குகளை விசாரிக்கும் அதிகாரம் கொடுத்தன. கலெக்டரிடம் வரியோடு போலீஸ், மாஜிஸ்திரேட் அதிகாரமும் சேர்ந்தது. நம்ம ஊரில் எந்தப் பிரச்சினை என்றாலும் கலெக்டரிடம் மனு கொடுக்கப் போகிறோமே, அந்தப் பழக்கத்துக்கு வேர் இங்கேயும் இருக்கிறது.

1820இல் சென்னை மாகாணத்தின் கவர்னர் ஆனார். ரயத்துவாரி மாகாணத்தின் பொதுவான முறை ஆனது. 13 வருஷம் முன்னால் அவர் கேட்ட வரிக்குறைப்பும் அந்த மாவட்டங்களுக்குக் கிடைத்தது.

கடைசிப் பயணம்

பதவியை விட்டு ஊருக்குப் போக முன்பே ஆசைப்பட்டார். பர்மா போர் வந்ததால் இருக்க வேண்டியதாயிற்று. 1826இல் இளைய மகனுக்கு உடம்பு சரியில்லாமல் போக, மனைவி குழந்தையோடு இங்கிலாந்து கிளம்பிவிட்டார். அடுத்த வருஷம், கிளம்பும் முன் தன் பழைய மாவட்டங்களை ஒரு முறை பார்த்துவிட்டு வரலாம் என்று மன்றோ போனார். கர்னூல் பக்கம் பத்திகொண்டாவில் காலரா. 1827 ஜூலை 6 அன்று இறந்தார், வயசு 66. குத்தியில் அடக்கம் செய்து, பிறகு உடலைச் சென்னைக் கோட்டையின் புனித மேரி தேவாலயத்துக்கு மாற்றினார்கள். ராயலசீமாவில் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று அவர் பெயரை வைத்த குடும்பங்கள் உண்டு.

அவர் போன பிறகு

இதோடு முடித்தால் கதை பாதிதான். மன்றோ கேட்ட மிதமான வரி எல்லா இடத்திலும் வரவில்லை. குடியானவரை நேராகப் பார்க்கும் அரசு, குடியானவரை நேராகப் பிடிக்கவும் செய்தது. கிஸ்தி கட்டாதவர்களை வெயிலில் நிறுத்துவது, கிட்டி போட்டு விரலை நெரிப்பது போன்ற கொடுமைகள் நடந்ததை, 1855இல் சித்திரவதை விசாரணைக் குழு அறிக்கையே ஒத்துக்கொண்டது. அதே வருஷம்தான் மாகாணம் முழுக்க மறுபடி அளந்து வரியைச் சீர்செய்ய அரசு முடிவெடுத்தது.

இன்னொரு பெரிய ஓட்டை. பட்டாவில் பேர் இருப்பவர் அரசின் கண்ணுக்குத் தெரிவார். நிலமே இல்லாமல், அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டு, அவர் வயலிலேயே கூலி வேலை பார்த்தவர்? அவர் எந்தக் கணக்கிலும் இல்லை. முதலாளியோடு சண்டை வந்தால் வேலையும் போகும், அதே நாளில் வீடும் போகும். செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் 1891இல் தலித் மக்களின் இந்த நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. குடியிருக்கும் இடத்தை அங்கே குடியிருப்பவருக்கே சொந்தமாக்கும் குடியிருப்புச் சட்டம் தமிழ்நாட்டில் வர 1971 ஆயிற்று. மன்றோ இறந்து 144 வருஷம் கழித்து!

சரி, இன்றைய கொட்டாம்பட்டிக்கு வருவோம்

இன்று நிலவரி பெயரளவுக்குத்தான். ஆனால் மன்றோ காலத்து மிச்சம் எல்லா இடத்திலும் இருக்கிறது. தாலுகா ஆபீஸில் வருஷாவருஷம் ஜமாபந்தி நடக்கிறது. கணக்குகள் இன்னும் பசலி ஆண்டில்தான். பரம்பரையாக வந்த கணக்குப்பிள்ளை பதவி 1980இல் போய், அந்த இடத்தில் விஏஓ வந்தார்.

சுமை இப்போது வேறு இடத்தில் இருக்கிறது. ஊராட்சிக்குக் கட்டும் வீட்டு வரி, வீட்டின் அளவையும் வகையையும் பார்த்துப் போடுவது. அது பெரும்பாலும் தாங்கக்கூடிய தொகைதான். தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் துப்புரவுக்கும் ஊராட்சி அந்தப் பணத்தைத்தான் நம்பியிருக்கிறது. இடம் வாங்கும் நாளில்தான் கை கடிக்கும். பொதுவாக முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 10 லட்சம் ரூபாய் மனைக்கு 90 ஆயிரம். செங்கல் ஒன்றுகூட வாங்காமல் போகும் பணம் இது.

இடம் பார்க்கிறவர்கள் மூன்று விஷயங்களை மனசில் வைக்கலாம். ஒன்று, கிராம நத்தம் என்பது ஊர்க் குடியிருப்புக்கென்று விட்ட இடம். ரயத்துவாரியில் அதற்கு வரி போடவில்லை. அதனால் பழைய வீடுகள் பலவற்றுக்குப் பட்டாவே இல்லாமல் இருந்தது, நத்தம் நிலவரித் திட்டத்தில்தான் பலருக்குக் கிடைத்தது. நத்தம் இடம் வாங்கினால் கூடுதலாக விசாரிக்கணும். இரண்டு, வீட்டு வரி ரசீது சொத்துரிமைப் பத்திரம் ஆகாது. மூன்று, பட்டா மட்டும் இருந்தால் உரிமை முழுசாக நிரூபணம் ஆகிவிடாது என்பதை நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. கிரயப் பத்திரமும் வில்லங்கச் சான்றும் சேர்த்துப் பார்க்கணும்.

மூன்றாவது விஷயம் ஏன் அப்படி என்பது இப்போது புரியும். பட்டா பிறந்ததே, நிலம் யாருக்குச் சொந்தம் என்று சொல்ல அல்ல, வரியை யாரிடம் கேட்பது என்று தெரிந்துகொள்ள. அந்தத் தாளைக் குடியானவருக்குப் பாதுகாப்பாகவும் ஆக்கலாம் என்று மன்றோ நம்பினார். பேர் எழுதப்பட்டவர்களுக்கு அது ஓரளவு நடந்தது. எழுதப்படாதவர்கள் வீட்டுமனைப் பட்டா கேட்டு இன்னும் மனுவோடு கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்கிறார்கள்.